திருப்பி வைத்தால் பெரிதாகிற சதுரம்

தண்ணீர் லாரியின் ஆரன் கேட்டு, இரண்டு கையிலும் பிளாஸ்டிக் குடத்தோடு மாடிப்படியில் ஓடியபோதுதான் என் வலது கால் உடைந்தது. குடங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் படியில் கிடந்தபோது என் மனைவி முதலில் குடங்களைத்தான் எடுத்துப் பார்த்தாள் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் இல்லவே இல்லை என்கிறாள். டாக்டர் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டு, எலும்பு கூடும்வரை வேலைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு மணலிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. எண்ணெய் டாங்கு கட்டுவதற்கான இரும்புத் தகடுகளில் அளவெடுத்துக் கோடு போட்டுக் கொடுக்கிற ஃபிட்டர். நான் போட்ட கோட்டில்தான் வெட்டுவார்கள். அப்புறம் வெல்டர் வந்து பற்றவைப்பான். வட்டம், கூம்பு, வளைவு எதைக் கேட்டாலும் தகட்டில் விரித்து வரைந்துவிடுவேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என் கோடு தப்பியதில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அந்தத் திமிர்தான் காரணம்.

அப்போது என் மகள் தலைப்பிரசவத்துக்காகத் திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கூடத்தில் இந்தப் பக்கச் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு நான். அந்தப் பக்கச் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள். நடுவில் மின்விசிறி. மனைவி இரண்டு பேருக்கும் மாறி மாறிக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் செல்போன் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஒருநாள் மகள் தன் போனை என் பக்கம் நீட்டினாள்.

"நைனா, இத்த பாரேன். கொயந்தைய எதுல போட்டு வெச்சிகீறாங்க பாரு. எவ்ளோ ஷோக்கா கீது!"

"இன்னாது அது, ஒட்டுப்போட்ட போர்வையா?"

"குயில்ட்டு நைனா. துணிய சதுரம் சதுரமா வெட்டி, ஒன்னா சேத்து தெச்சி, அடில இன்னொரு துணி வெச்சி..."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "குயிலா? குயிலெல்லாம் வூட்ல வாணாண்டி. கீற பூனைக்கே மீனு பத்தல."

"குயில் இல்லம்மா, போர்வை!"

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "போர்வையா? மார்கழி மாசத்துலயே ஃபேன் போட்டுகினு தூங்குற ஊர்ல யாருக்குடி போர்வை?"

"போத்திக்க இல்ல, கீய விரிச்சி கொயந்தைய போட."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சதுரங்கள். வெறும் சதுரங்கள். இதற்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றியது. "வுடு, நான் தெச்சித் தரேன்" என்றேன். "அம்பதாயிரம் லிட்டர் டாங்குக்கே கோடு போட்டவன்மா நானு. இது ஒரு மேட்டரா?"

மனைவி கரண்டியால் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கணக்கு சுலபம். மூன்று அடிக்கு மூன்று அடிப் போர்வை. அதற்குள் ஓர் அடிச் சதுரம் ஒன்பது. ஒவ்வொரு அடிச் சதுரமும் நாலு ஆறங்குலத் துண்டுகளைச் சேர்த்தது. துணிக்கு என் பழைய லுங்கிகள் இருந்தன. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனவை, பிள்ளை உடம்புக்கு உறுத்தாது. அதோடு கட்டம்போட்ட லுங்கி என்றால் கோடு போடுகிற வேலையில் பாதி மிச்சம். பட்டறைப் பையிலிருந்து மூலைமட்டம், இரும்பு டேப், சாக்பீஸ் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று லுங்கிகளை ஒரே மூச்சில் வெட்டித் தள்ளினேன்.

இங்கே எங்கள் தொழிலில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு தகடுகளைப் பற்றவைக்கும்போது இடையில் கொஞ்சம் சந்து விடுவோம். அந்தச் சந்தில் இரும்பு உருகி நிறைந்தால்தான் பிடிப்பு. அதனால் ஒவ்வொரு தகட்டையும் ஒரு நூல் குறைத்து வெட்டுவது வழக்கம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குப் பட்டறையில் நூல் என்று பெயர். அதே பழக்கத்தில், ஆறங்குலத் துண்டுகளையும் ஒவ்வொன்றிலும் ஒரு நூல் குறைத்து வெட்டினேன். இணைப்புக்கு இடம் விட்டுவிட்டேன் என்ற திருப்தி வேறு.

மனைவியின் மோட்டார் வைத்த தையல் மெஷினில், உடையாத இடது காலால் மிதித்து முதல் சதுரத்தைத் தைத்து முடித்தேன். இரும்பு டேப்பை வைத்து அளந்தேன். பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றேகால் இருந்தது.

திரும்ப அளந்தேன். பதினொன்றேகால்தான். மனைவியின் துணி டேப்பால் அளந்தேன். அதுவும் அதையே சொன்னது. முக்கால் அங்குலத் துணி எங்கே போயிருக்கும்? மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சத்தியமாகக் குனிந்து பார்த்தேன். தைக்கும்போது துணி சுருங்கிவிட்டதா என்று இன்னொரு லுங்கியை எடுத்து உதறியும் பார்த்தேன்.

"இந்தாம்மே!" என்று கத்தினேன். "ஆறு நூல் கொறையுது!"

வாசலில் மீன்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்த மனைவி, "வரேன் வரேன்" என்றாள். ஆனால் வரவில்லை. நெடுநேரம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவள், என் மடியில் ஆறு நூல்கண்டுகளைப் போட்டாள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், கறுப்பு, ரோஸ்.

"இன்னாமே இது?"

"நீதானே ஆறு நூலு கொறையுதுன்னே? இன்னா கலர்னு சொல்லல. அதான் கலருக்கு ஒன்னா வாங்கியாந்தேன்."

மகள் சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ உதைக்குதும்மா" என்று கத்த, மனைவி நிஜமாகவே பயந்துபோய் அவளிடம் ஓடினாள். சிரித்து ஓய்ந்தபிறகு மகள் அந்தச் சதுரத்தைப் புரட்டி, பின்பக்கத் தையலைக் காட்டினாள்.

"நைனா, இரும்பு பக்கத்துல பக்கத்துல நின்னு ஒட்டும். துணி அப்டி இல்ல. ஒன்னு மேல ஒன்னு படுத்துக்கும். இங்க பாரு, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு நூலு உள்ள மடிஞ்சி போயிகீது."

பார்த்தேன். காணாமல்போன துணி பூராவும் அங்கே பின்னால் மடங்கிக் கிடந்தது. தகட்டில் இணைப்பு இடத்தைக் கூட்டுகிறது, துணியில் இணைப்பு இடத்தைத் தின்கிறது. நான் ஒரு நூல் குறைத்ததற்குப் பதில் நாலு நூல் கூட்டியிருக்க வேண்டும். ஆறங்குலம் வேண்டுமென்றால் ஆறரை வெட்ட வேண்டும். இத்தனை வருஷ அனுபவமும் நேர் எதிர்த் திசையில் வேலை செய்திருக்கிறது.

வெட்டிய மூன்று லுங்கியும் அடுப்படியில் பாத்திரம் இறக்குகிற பிடிதுணியாகப் போயின. இன்றும் எங்கள் வீட்டில் துல்லியமாக வெட்டிய பிடிதுணிகள்தான். மறுபடி வேறு லுங்கிகளை எடுத்து, ஆறரை ஆறரையாக வெட்டி, ஒன்பது சதுரங்களும் தைத்தேன். இந்த முறை அத்தனையும் சுத்தமாக வந்தன. கூடத் தரையில் மூன்றுக்கு மூன்றாக அடுக்கிவிட்டு, கால் நீட்டிய நிலையிலேயே சக்கரவர்த்தியைப் போல உட்கார்ந்திருந்தேன்.

மகள் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது. ஆனா பாத்ரூம்ல டைல்ஸ் ஒட்டுன மாதிரி கீது நைனா. சாய்ச்சி வையேன், டைமண்டு மாதிரி. அந்த வீடியோல அப்டித்தான் இருந்துச்சி."

"வெச்சா போச்சி" என்றேன். "சதுரத்த திருப்பி வெச்சா மட்டும் சதுரம் இல்லாம பூடுமா?"

ஒவ்வொன்றையும் முனை மேலே வருகிற மாதிரி திருப்பி, முனைக்கு முனை தொடவைத்து மூன்று வரிசையாக அடுக்கினேன். அடுக்கி முடித்தால் நடுவில் நாலு ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு முழுச் சதுர அளவு. ஓரங்களிலெல்லாம் முக்கோணம் முக்கோணமாகத் தரை தெரிந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி கேட்டாள்: "இன்னாயா, போர்வைல ஜன்னல் வெச்சிகீற? காத்து வரவா?"

பக்கத்தில் காகிதம் இல்லை. மகளின் ஸ்கெட்ச் பேனாவை வாங்கி என் மாவுக்கட்டு மேலேயே கணக்குப் போட்டேன். சதுரத்தின் பக்கம் பன்னிரண்டு. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி, இரண்டு தடவை கூட்டினால் இருநூற்று எண்பத்தெட்டு. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் இது வரும்? பதினேழைப் பெருக்கினால் இருநூற்று எண்பத்தொன்பது. ஒன்றுதான் வித்தியாசம். ஆக, முனைக்கு முனை பதினேழு அங்குலம். திருப்பி வைத்ததும் ஒவ்வொரு சதுரமும் ஐந்து அங்குலம் அகலமாகிவிட்டது. மூன்று சதுரத்துக்கு ஐம்பத்தொன்று. மூன்று அடிப் போர்வை, ஒரு சாண் துணிகூட வெட்டாமல், உட்கார்ந்த இடத்திலேயே நாலேகால் அடியாகியிருந்தது.

பட்டறையில் தினமும் மூலைக்கு மூலை டேப் பிடித்துத்தான் தகடு சதுரமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். மூலைக்கு மூலை நீளம் அதிகம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தகட்டை யாரும் இப்படிச் சாய்த்து வைத்து அழகு பார்த்ததில்லை.

"முன்ன மாதிரி நேரா வெச்சிடவா?" என்றேன்.

"வாணாம் நைனா. இதான் ஷோக்கா கீது" என்றாள் மகள். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதை மறுக்கக் கூடாது என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள். ஓட்டைகளுக்கு நாலு சதுரம், சுற்றிலும் எட்டுப் பெரிய முக்கோணம், மூலைக்கு நாலு சின்ன முக்கோணம். அதற்கும் துணி வேண்டுமே. அலமாரியில் மிச்சமிருந்த லுங்கிகளும் கத்திரிக்குப் போயின. என் உடம்பில் இருந்த ஒரே ஒரு லுங்கிதான் பாக்கி. தொடை வரைக்கும் மாவுக்கட்டு இருந்ததால் பேண்ட் போட வழியில்லை என்பதை அந்த உற்சாகத்தில் யாரும் யோசிக்கவில்லை.

முக்கோணம் வெட்டுவதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை. சதுரம் வெட்டி, குறுக்கே ஒரு வெட்டு. ஒரு சதுரத்துக்கு இரண்டு முக்கோணம். நீளப் பக்கம் போர்வையின் வெளி ஓரத்துக்கு வரும்படி வைத்துத் தைத்தேன். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. மேல்துணி முழுசாகத் தயார். அடியில் வைக்க வேறு துணி இல்லாததால் ஓரம் மட்டும் மடித்து அடிக்க வேண்டும். அதுவரை பிரியாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் குண்டூசி குத்தி வைத்திருந்தேன்.

அன்றைக்குத்தான் மனைவி என் ஒரே லுங்கியையும் துவைத்துக் கொடியில் போட்டாள். "கால்ல கஞ்சி ஊத்திகினு கலீஜா கீது. காயிற வரைக்கும் துண்டு கட்டிகினு குந்து. யாரு வரப்போறாங்க?" என்றாள்.

அவள் வாயை மூடுவதற்குள் மாடிப்படியில் சத்தம் கேட்டது. "மாமு! கீறியா?"

என் பட்டறை ஆட்கள். ஒருத்தன் என்னோடு வேலை செய்கிற வெல்டர், இன்னொருவர் எங்கள் ஃபோர்மேன். கையில் சாத்துக்குடிப் பை. என் துண்டோ முழங்காலைக்கூட எட்டாத துண்டு. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது போர்வை ஒன்றுதான். எடுத்துச் சுற்றிக்கொண்டேன்.

என் இடுப்புச் சுற்றளவு நாற்பது. போர்வை ஐம்பத்தொன்று. பதினொரு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வந்தது. இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும். கூடவே குண்டூசிகள்.

இருவரும் எதிரே உட்கார்ந்தார்கள். ஃபோர்மேன் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். வெல்டர் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லுங்கி புச்சா மாமு?"

"ஆமா" என்றேன்.

"டைமண்டு டைமண்டா கீது. எங்க வாங்கின?"

உள்ளேயிருந்து மனைவி, "அவுரே தெச்சது தம்பி. குயிலு!" என்றாள்.

இனி மறைத்துப் பயனில்லை. இரும்பு இணைப்புக்கும் துணி இணைப்புக்கும் உள்ள வித்தியாசம், பதினேழு அங்குல விவகாரம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோர்மேன் என் மாவுக்கட்டைப் பக்கத்தில் இழுத்துக் கணக்கைச் சரிபார்த்தார். வரைபடத்தைப் பார்ப்பதுபோலக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, "கரெக்டாத்தான் கீது" என்று தலையாட்டினார். காலை மெதுவாக இறக்கி வைக்கத்தான் மறந்துவிட்டார்.

வெல்டர் விடவில்லை. "ஓரத்துலகூட கட்டம் சாஞ்சி சாஞ்சி போவுதே மாமு? நேரா இல்லையே?" என்று கேட்டுக்கொண்டே என் தொடைப் பக்கம் தொங்கிய ஓரத்தைப் பிடித்து இழுத்தான். அது ரப்பர் மாதிரி நீண்டது. "டேய், இயுத்தா வருதுடா!" என்று ஆச்சரியப்பட்டு மறுபடி இழுத்தான். ஃபோர்மேனும் ஒரு பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தார். இழுத்த இழுப்பில் ஒரு குண்டூசி என்னைத் தேடி வந்தது. நான் போட்ட சத்தத்தில், கால் வலி அதிகமாகிவிட்டது போல என்று நினைத்து இருவரும் அவசரமாகக் கிளம்பினார்கள்.

அவர்கள் போனபின் போர்வையை விரித்துப் பார்த்தால் அது தரையில் படுக்கவில்லை. நடு மட்டும் தட்டையாக இருந்தது. ஓரமெல்லாம் அலை அலையாக எழுந்து நின்றது. டேப் வைத்தால் ஓரத்தில் மட்டும் மூன்று அங்குலத்துக்கு மேல் கூடியிருந்தது. என்ன நடந்ததென்று எனக்கு மெல்லத்தான் விளங்கியது. துணியை நெய்த நூலோட்டத்தில் இழுத்தால் நிற்கும், மூலைக்கு மூலை குறுக்கே இழுத்தால் நீளும். சதுரத்தைக் குறுக்கே வெட்டியதால், நீளுகிற பக்கம் போர்வையின் வெளி ஓரத்துக்கு வந்துவிட்டது. பெரிய சதுரமாக எடுத்து, இரண்டு குறுக்கு வெட்டில் நாலு முக்கோணமாக்கியிருந்தால் அதே வடிவம், அதே அளவு, ஆனால் ஓரம் நேர் நூலில் நின்றிருக்கும். இரும்புக்கு எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே குணம். நான் கெட்டுப்போனது அதனால்தான்.

"பிரிச்சி தெய்யேன்" என்றாள் மகள்.

"எதுல? இன்னும் வெட்டணும்னா உங்க நைனா தோலத்தான் வெட்டணும்" என்றாள் மனைவி. பிறகு தானே வந்து குந்தினாள். அவள் காசிமேட்டில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். "வலைக்கு கவுறு கட்டச்சொல்லோ இப்டித்தான்யா. வலை பெருசா இருக்கும், கவுறு சின்னதா இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா சுருக்கி கவுத்துல சேத்துக் கட்டுனா படுத்துக்கும்."

"அப்டின்னா ஓரத்துல ஒரு நூலு ஓட்டி சுருக்கேன்" என்றேன்.

"நூலு அந்துடும்" என்று சொல்லிவிட்டு, கொடி கட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த நீல நைலான் கயிற்றை எடுத்துவந்தாள். எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. கயிற்றை ஐம்பத்தொன்று அளந்து, ஓரத்தை அதன்மேல் மடித்து, சுருக்கிச் சுருக்கித் தைத்தாள். ஒரு பக்கம் முடிந்தது. அலை அடங்கித் தரையில் படுத்தது. அவள் சொன்னபடியே ஆனதில் எனக்குக் கோபம்கூட வந்தது. இரண்டாவது பக்கம், மூன்றாவது பக்கம். நாலாவது பக்கத்தில் கை வைத்தபோது மகள், "யம்மா, இது சிரிப்பு வலி இல்ல" என்றாள்.

அப்புறம் ஆட்டோவும் ஆஸ்பத்திரியும் ஓட்டமுமாகப் போனது. என் கால் ஆட்டோவுக்குள் மடங்காததால் என்னை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஈர லுங்கியைக் கட்டிக்கொண்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் அலையடிக்கிற போர்வை முன்னால் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. பயம் போவதற்காக அந்த நாலாவது ஓரத்தைத் தடவித் தடவி நேராக்கப் பார்த்தேன். அது இன்னும் கொஞ்சம் நீண்டது. சாயங்காலம் மருமகன் போன் செய்து, பெண் குழந்தை, இருவரும் சுகம் என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. "எத்தினி அங்குலம்?" என்று கேட்டதாக அவர் இப்போதும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

குழந்தை வீட்டுக்கு வந்ததும் போர்வையை விரித்தோம். கொருக்குப்பேட்டையிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா நீலக் கயிற்றைத் தடவிப் பார்த்து, "இது இன்னாங்க, வாலிபால் நெட்டா?" என்று மரியாதையாகக் கேட்டார். நாலேகால் அடிச் சதுரத்தின் நடுவில் பேத்தியை வைத்தால், மைதானத்தில் யாரோ பந்தை மறந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. வைத்த கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்க அழுது, நடுச் சதுரத்தை நனைத்தாள். அவளுக்குப் பிடித்தது அவள் அம்மாவின் பழைய புடவை ஒன்றுதான்.

மாவுக்கட்டைப் பிரிக்கப் போனபோது டாக்டர் கணக்கையெல்லாம் படித்துவிட்டு, "பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். போர்வை தைக்கிறேன் என்றேன். அவர் கட்டை வெட்டத் தொடங்கினார்.

போர்வை அலமாரியில் கிடந்தது. பேத்தி குப்புற விழத் தொடங்கிய பிறகுதான் வெளியே வந்தது. மூன்று அடி விரிப்பாக இருந்திருந்தால் இரண்டு உருட்டலில் தரைக்கு வந்துவிடுவாள். இதில் நிறைய இடம். நடுச் சதுரத்தில் போட்டால் உருண்டு அடுத்த சதுரத்துக்குப் போவாள், அங்கே களைத்துக் கொஞ்சநேரம் கிடந்து கட்டங்களைப் பிறாண்டுவாள், மறுபடி உருளுவாள். நேராகப் போனால் ஓரம் சீக்கிரம் வரும். அவள் எப்போதும் மூலையைப் பார்த்துத்தான் போவாள். இருக்கிறதிலேயே நீளமான வழி அதுதான். நானும் என் மனைவியும் தட்டில் சோறு போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

"யோவ், முக்கோணத்துக்கு வந்துட்டாயா!" என்பாள் மனைவி.

"இன்னும் இடம் கீது, நீ சாப்டு" என்பேன்.